பீரங்கிக்கார நீல்ஸுக்கு ஒரு சகலன்

டென்மார்க் கடற்படைக்கு உலகத் தமிழர்களுக்குள் ஒரேயொரு சொந்தக்காரர்தான் இருக்கிறார். வேறு யாராவது உரிமை கொண்டாடி வந்தால் நம்பாதீர்கள். அந்த ஒரேயொரு சொந்தக்காரர் மன்னார்க் கரையில் பிறந்தவர், கத்தோலிக்கர், கடலைக் கண்டால் சத்தி எடுக்கிறவர்.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் தண்டையல் அண்ணை. தண்டையல் என்றால் எங்கள் கரைகளில் பாய்க்கப்பலுக்குத் தலைமையாக நின்று அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர். பட்டத்தை வேறு யாரும் கொடுக்கவில்லை. அகதிகளுக்காக எடுத்திருந்த வைலே நகரத்துப் பழைய ஹோட்டலுக்கு வந்து இறங்கிய அன்றைக்கே, “நான் தண்டையல்” என்று தானே சொல்லிக்கொண்டு கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார். எண்பத்தைந்தாம் ஆண்டில் அந்த ஹோட்டலில் யாரும் யாருடைய கதையையும் தோண்டிப் பார்ப்பதில்லை. சொன்னதுதான் கதை.

சந்தேகம் வந்தது கப்பலில்தான். விசாரணைக்கு எங்களைக் கொப்பன்ஹேகனுக்குக் கூட்டிப்போனார்கள். வழியில் ரயில் அப்படியே ஒரு பெரிய கப்பலுக்குள் ஏறிக் கடலைக் கடக்கும். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. டேனிஷ்காரர் சொசேஜ் தின்றுகொண்டிருந்தார்கள். எங்கள் தண்டையல் ஒரு கடதாசிப் பைக்குள் தலையை விட்டபடி, அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன தண்டையல், கடல் ஒத்துக்கொள்ளேல்லையோ?” என்று கேட்டார் மாஸ்டர். ஊரில் கணக்கு வாத்தியார். ஹோட்டலில் எங்கள் சங்கத் தலைவர்.

தண்டையல் பையிலிருந்து தலையை எடுத்தார். “இது கடலே இல்லை மாஸ்டர். கடல் எண்டால் ஆட்டும். இது ஆட்டாமல் நிக்குது. அதுதான் எனக்கு ஒத்துவரேல்லை.”

சொல்லிவிட்டுத் தலையை மறுபடி பைக்குள் விட்டார். தோற்பது அவருக்குத் தெரியாத தொழில்.

டேனிஷில் அவர் இரண்டு சொல் படித்தார். ஒன்று ‘நை’, அதாவது இல்லை. மற்றது ‘வோஃபோ’, அதாவது ஏன். மூன்றாவது சொல் எதற்கு என்று மொழிப் பள்ளிக்கூட ரீச்சரிடமே கேட்டார். நன்றி சொல்லப் பழகுங்கள் என்றார் ரீச்சர். “நை” என்றார் இவர். பல் டொக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். “வோஃபோ?” ஒருநாள் வீதியில் சிவப்பு விளக்கு. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வாகனமும் இல்லை. தண்டையல் வீதியில் இறங்கினார். பக்கத்தில் நின்ற ஒரு வயசான டேனிஷ்காரர், விளக்கு சிவப்பு என்று கையைக் காட்டினார். இவர் திரும்பி நின்று, நிஜமாகவே அறிய விரும்புகிற முகத்தோடு, “வோஃபோ?” என்றார். அந்த மனிதர் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருந்தது. விளக்கு பச்சையாகி நாங்கள் கடந்து போன பிறகும் அவர் அங்கேயே யோசித்துக்கொண்டு நின்றார்.

பொறுங்கள், அந்தக் கடற்படைக்கு வருகிறேன்.

ஹோட்டலிலிருந்து மொழிப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் குறுக்குப்பாதை மலைச்சரிவில் ஒரு தோட்டத்துக்குள்ளால் போகும். அழகென்றால் அப்படி ஒரு அழகு. கத்தரித்துவிட்ட குட்டை வேலிகள், வாரிவிட்ட குறுணிக்கல், பாத்தி பாத்தியாகப் பூ, கீழே கடல்வாய். தண்டையல் அண்ணை மத்தியானச் சாப்பாட்டுப் பாணைக் கொண்டுபோய் அங்கே ஒரு வாங்கில் குந்தியிருந்து சாப்பிடத் தொடங்கினார். ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

“இந்தச் சனத்தின்ரை ஒழுங்கைப் பார் தம்பி. ஒவ்வொரு பாத்திக்கும் கல்லிலை பேர் வெட்டி விட்டிருக்கு. ஆரின்ரை பாத்தி எண்டு சண்டை வராது பார்.”

“அண்ணை, இது சேமக்காலை.”

பாண் துண்டு பாதி வழியில் நின்றது. எங்கள் ஊர்ச் சேமக்காலையில் சிலுவையும் மணலும் எருக்கலையும்தான் இருக்கும். செத்தவனுக்கு இவ்வளவு சோடனை இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கவில்லை. வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எழும்பினார். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. போய்ப் பார்த்தால், கல்லறை கல்லறையாக நின்று சிலுவை அடையாளம் போட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகிறார். அப்படிக் கேட்டுக்கொண்டு போகும்போதுதான் நங்கூரம் செதுக்கிய அந்தக் கல் அவர் கண்ணில் பட்டது.

“தம்பி, ஓடி வா! இவன் எங்கட ஆள்!”

கல்லில் அதிகம் இல்லை. நீல்ஸ் என்று பெயர். அரசரின் கடற்படையில் மாலுமி, பிறகு பீரங்கிக்காரர். அதன் கீழே அவர் வேலை செய்த மூன்று போர்க்கப்பல்களின் பெயர்கள். மனைவி பிள்ளைகளின் பெயர்கூட இல்லை. கப்பல்களின் பெயர் இருந்தது. தமிழில் சொன்னால் கடற்கழுகு, வடக்கொளி, மைனா.

“மைனாவோ?” என்றார் தண்டையல்.

“ஓம் அண்ணை. ஒரு சின்னக் குருவி. எங்கட மைனா மாதிரி.”

“போர்க்கப்பலுக்கு மைனா எண்டு பேர் வைச்சவன் பெரிய கெட்டிக்காரன். எதிரி சிரிச்சு முடிக்கிறதுக்குள்ளை அடிச்சிடலாம்.”

எனக்கு இது போதும். பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்தும் ஒரு பாடத்தையும் ஒழுங்காகப் படித்து முடிக்க விடாத நாட்டிலிருந்து வந்தவன் நான். ஏதாவது ஒன்றை அடியிலிருந்து நுனிவரை அறிந்துவிட வேண்டும் என்ற வெறி உடம்புக்குள் சும்மா கிடந்து கொதித்தது. அகராதியோடு நூலகத்துக்கு ஓடினேன். நூலகத்துப் பெண்மணி கடற்படைப் புத்தகங்களைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து அடுக்கினார்.

என்ன கப்பல்கள்! கடற்கழுகு மூன்று பாய்மரம் வைத்த மரக்கப்பல். இரண்டு விலாவிலும் பீரங்கி வரிசை. நீல்ஸ் இளந்தாரியாகப் போய் ஏறியது அதில்தான். குளிர்காலத்தில் கயிறெல்லாம் பனி பிடித்து இரும்புக்கம்பி மாதிரி நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு உச்சிக்கு ஏறவேண்டும். கீழே தூங்குவதற்குத் துணித்தூளி. ஒருவன் புரண்டால் வரிசை முழுக்கப் புரளவேண்டும். பிறகு அந்தக் கப்பலின் நடுவயிற்றைத் திறந்து நீராவி இயந்திரம் வைத்தார்கள். பாய்களுக்கு நடுவே ஒரு புகைபோக்கி எழும்பியது. தோய்த்து விரித்த பாயெல்லாம் கரி. இரண்டாவது, வடக்கொளி: மரத்துக்கு மேலே இரும்புத்தகடு போர்த்தியது. ஆமை மாதிரிப் போகும், ஆனால் குண்டு துளைக்காது. அதில்தான் நீல்ஸ் பீரங்கிக்காரர் ஆனார். மூன்றாவது மைனா. சின்னப் பீரங்கிப்படகு, அதன் மூக்கில் அதன் அளவுக்கு மிஞ்சிய ஒரு பீரங்கி. முன்னுக்குச் சுட்டால் படகு பின்னுக்குப் போகும். ஜேர்மன்காரரோடு சண்டை வந்தபோது கடல்வாய்களைக் காத்து நின்றது இந்தமாதிரிப் படகுகள்தான்.

நான் நூலகத்தில் படித்து வந்து சொல்வேன். தண்டையல் அதைச் சாப்பாட்டு மேசையில் மற்றவர்களுக்குச் சொல்வார். நூலகத்துக்கும் மேசைக்கும் இடையில் பீரங்கிகள் குட்டி போட்டுவிடும். ஒருநாள் மைனா தனியாகப் போய் ஜேர்மன்காரரின் அரைக் கடற்படையை மூழ்கடித்துவிட்டு வந்தது. மறுநாள் மிச்ச அரையையும்.

“அண்ணை, புத்தகத்திலை அப்பிடி இல்லை.”

“புத்தகம் எழுதினவன் கப்பலிலை நிண்டவனோ?”

“நீங்கள் நிண்டனீங்களோ?”

“தம்பி, நீ இன்னும் சின்னப் பெடியன்.”

அவர் தோற்கும் இடத்துக்கு வந்துவிட்டால் நான் உடனே சின்னப் பெடியன் ஆகிவிடுவேன்.

கோடை முடிகிற நேரம், ஒரு காலையில் அவர் மூச்சிரைக்க வந்து என் போர்வையை உருவினார். நீல்ஸின் கல்லறையில் குறுணிக்கல்லுக்குள் ஒரு சின்ன மட்டை குத்தி வைத்திருக்கிறது, வந்து வாசி என்றார். போய் வாசித்தேன். இந்தக் கல்லறைக்கு உரியவர்கள் தயவுசெய்து அலுவலகத்தோடு தொடர்புகொள்ளவும்.

டென்மார்க்கில் கல்லறை நிரந்தரச் சொத்தல்ல. ஒரு தவணைக்குத்தான். தவணை முடிந்தால் உறவினர் வந்து தொடர்ந்து வைத்திருக்கிறோம் என்று சொல்லவேண்டும். யாரும் வராவிட்டால் கல்லைத் தூக்கி, நிலத்தை மட்டமாக்கி, அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். இங்குள்ளவர்களுக்கு அது சாதாரண விஷயம். நானும் அதைச் சாதாரணமாகத்தான் விளங்கப்படுத்தினேன்.

தண்டையல் அண்ணையின் முகம் மாறிப்போனது. அதற்கு முன் அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

“என்ன சொல்லுறாய்? செத்தவனுக்கும் விசா முடியுதோ?”

“அப்பிடிச் சொல்லேலாது அண்ணை...”

“சொந்தக்காரன் வந்து கையெழுத்து வைக்காட்டி டிப்போர்ட் பண்ணுவாங்களோ? எங்கை அனுப்புவாங்கள்?”

 விசாரணை முடிந்து மாதக்கணக்காக, எங்களில் யாரை வைத்திருப்பார்கள் யாரை அனுப்புவார்கள் என்று தெரியாமல் தபால்காரனின் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

“நடவடா கந்தோருக்கு” என்றார்.

அலுவலகத்தில் இங்கர் என்ற பெண்மணி இருந்தார். சேமக்காலைக்குப் பொறுப்பானவர்; ரப்பர்ச் சப்பாத்து, சிவந்த கைகள், நல்ல முகம். வந்த விஷயத்தை நான் டேனிஷும் இங்கிலீசும் கலந்து சொன்னேன்.

“நீங்கள் நீல்ஸுக்கு உறவினரா?” என்று கேட்டார்.

“ஓம் எண்டு சொல்லு” என்றார் தண்டையல்.

“என்ன முறை எண்டு கேப்பா அண்ணை.”

“சகலன்.”

“ஆரின்ரை சகலன்?”

“அந்தாளின்ரை சகலன்தான். அவரும் கடலைக் கட்டினவர், நானும் கடலைக் கட்டினனான். ஒரு வீட்டிலை பெண் எடுத்தவங்கள் சகலன்மார்தானே?”

“கடல் ஒண்டுதானே அண்ணை? அப்ப ரெண்டுபேரும் ஒருத்தியையே...”

“விசர்க்கதை கதையாதை! அவர் கட்டினது வடகடல். நான் கட்டினது மன்னார்க்கடல். ரெண்டும் அக்கா தங்கச்சி. சொல்லு.”

டேனிஷில் சகலனுக்கு ஒரு சொல் கிடையாது. ஆகவே, இறந்தவரின் மனைவியும் இவரின் மனைவியும் சகோதரிகள் என்று மொழிபெயர்த்தேன். இங்கர் ஜன்னலால் கல்லறைப் பக்கம் பார்த்தார். நீல்ஸ் இறந்தது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். பிறகு தண்டையலைப் பார்த்தார். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும்.

“இவருடைய மனைவிக்கு என்ன வயது?”

“அண்ணை, கடலுக்கு என்ன வயசு எண்டு கேக்கிறா.”

“அது ஆண்டவருக்குத்தான் தெரியும்.”

இங்கர் சிரிக்கவில்லை, சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாடு தெரிந்தது. நீல்ஸுக்கு ஒரு மகள் இருந்தார், கடைசிவரை அவர்தான் வந்துபோனார், அவரும் போய்விட்டார் என்றார். சொந்தக்காரர் அல்லாதவருக்குக் கல்லறையைக் கொடுப்பதைத் தேவாலய நிர்வாக சபைதான் தீர்மானிக்கவேண்டும். சபை நவம்பரில் கூடும். அதுவரை கல்லைத் தொடமாட்டேன். நீங்கள் விரும்பினால் பாத்தியைப் பராமரியுங்கள் என்றார்.

பராமரிக்கச் சொன்னதுதான் அவர் விட்ட பிழை.

முதலில் நன்றாகத்தான் போனது. தண்டையல் களை பிடுங்கினார். குறுணிக்கல்லை எல்லாரும் நேர்கோடாக வாரிவிட்டிருக்க, இவர் அலை அலையாக வாரினார். பக்கத்துக் கல்லறைக்குத் தன் புருஷனைப் பார்க்க வரும் கேர்டா என்ற வயசான பெண்மணி அந்த அலைகளைத் தாண்டுவதா சுற்றிப் போவதா என்று தெரியாமல் பூவாளியோடு நிற்பார். அவ்வளவுதான் தொந்தரவு. பிறகு நவம்பர் வந்தது.

நவம்பர் இரண்டு ஆத்துமாக்களின் நாள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் அதற்கு முன்பே சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பெயரைப் புதிதாக எழுதி, மெழுகுதிரி கொளுத்துவார்கள். அடிக்காமல் விட்டால் செத்தவருக்கு ஆளில்லை என்று ஊர் பேசும். தண்டையல் வைலே முழுக்கச் சுண்ணாம்பு தேடினார். கிடைக்கவில்லை. துறைமுகத்தில் ஒரு மனிதர் தன் படகைக் குளிர்காலத்துக்காகக் கரையில் ஏற்றி மூடிக்கொண்டிருந்தார். அவரிடம் மிச்சப் பெயின்ற் இருந்தது.

நீலம். மஞ்சள்.

நான் பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. சாம்பல் நிறமும் கறுப்புமாக அடங்கி ஒடுங்கிக் கிடந்த அந்த லூதரன் சேமக்காலையின் நடுவில், மன்னாரில் பேசாலைக் கரையில் கிடக்கும் புது வள்ளம் மாதிரி நீல்ஸின் கல் பளபளத்தது. கல் முழுக்க நீலம். எழுத்தெல்லாம் மஞ்சள். நங்கூரம் மஞ்சளும் நீலமும் வரிவரியாக. கீழே, கல்லில் இல்லாத ஒரு மீனையும் தன் பங்குக்குக் கீறிவிட்டிருந்தார்.

“எப்பிடி?” என்றார், தூரிகையைப் பின்னால் பிடித்துக்கொண்டு.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் டமார் என்று சத்தம். கேர்டாவின் பூவாளி.

அன்று பின்னேரம் இருட்டிக்கொண்டு வரும்போது ஹோட்டல் முழுக்க அங்கே திரண்டது. கத்தோலிக்கர் செபமாலை சொன்னார்கள். மட்டக்களப்புச் சைவப் பெடியளும் வந்து மெழுகுதிரிக்குக் கையால் காற்றை மறைத்து நின்றார்கள். நீல்ஸ் தன் காலத்தில் ஒரே நேரத்தில் இத்தனை பேரைப் பார்த்திருந்தால், அது கப்பலின் மேல்தட்டில்தான் இருக்கும்.

மறுநாள் சங்கத் தலைவர் மாஸ்டர் சாப்பாட்டு மேசையில் வெடித்தார்.

“உமக்கு விசரோ, ஐசே? வந்த நாட்டிலை அவங்கட சேமக்காலைக்குப் பெயின்ற் அடிச்சிட்டு நிக்கிறீர்! எங்கட ஒருத்தரின்ரை கேசும் முடியேல்லை. பேப்பரிலை வந்தால் என்ன நடக்கும்? நாளைக்கே போய் மன்னிப்புக் கேட்டு, அந்தக் கல்லை விட்டிட்டு வாரும்.”

“நை” என்றார் தண்டையல்.

“தமிழிலை சொல்லும்!”

“ஏலாது மாஸ்டர். பெயின்ற்றுக்கு மன்னிப்புக் கேக்கச் சொன்னால் கேக்கிறன். கல்லை விடமாட்டன்.”

“அந்தாள் உமக்கு ஆர்? மாமனோ மச்சானோ?”

“சகலன்” என்று பெடியள் ஒரே குரலில் சொன்னார்கள். மாஸ்டர் எழும்பிப் போய்விட்டார். போனவர் திரும்பி வந்தார். சாப்பாடு பாதியில் கிடந்தது.

எனக்கு மட்டும் ஒரு நம்பிக்கை இருந்தது: தரங்கம்பாடி. டேனிஷ்காரர் முன்பு தமிழ்க் கரையில் கோட்டை கட்டியிருந்தவர்கள். அவர்களின் போர்க்கப்பல்கள் அங்கே வந்து போனவை. நீல்ஸின் கப்பல்களில் ஒன்றாவது அங்கே போயிருந்தால், சபைக்கு முன்னால் மேசையில் அடித்து நியாயம் கேட்கலாம். மூன்று கப்பல்களின் சரித்திரத்தையும் விழுந்து விழுந்து படித்தேன். கடற்கழுகு மத்தியதரைக் கடலுக்குப் போயிருக்கிறது, மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போயிருக்கிறது. வடக்கொளி சொந்தக் கடலை விட்டு அசைந்ததில்லை. மைனா ஒரு கடல்வாயிலிருந்து மறு கடல்வாய்க்குப் பறந்ததோடு சரி. தரங்கம்பாடியையோ, நீல்ஸ் கப்பலில் ஏறுவதற்கு முன்பே இங்கிலீசுக்காரனுக்கு விற்று முடித்துவிட்டார்கள்.

வந்து சொன்னேன். சொல்லும்போது எனக்கே அழுகை வந்தது.

“அதுக்கென்ன? போனதெண்டு சொல்லுங்கோ” என்றார் மாஸ்டர். எதிர்த்துக் களைத்து, அவரும் எங்கள் பக்கம் வந்திருந்தார். “ஆர் போய்ப் பாக்கப்போறான்?”

எல்லாரும் தண்டையலைப் பார்த்தோம். மைனாவால் ஜேர்மன் கடற்படையை இரண்டு தவணையில் மூழ்கடித்தவர். ஹோட்டலிலேயே பெரிய புளுகர்.

“சொல்லமாட்டன்” என்றார். “அந்தாள் போகாத இடத்துக்குப் போனவர் எண்டு நான் சொல்லமாட்டன். அவர் செய்த சேவீஸ் அவருக்குப் போதும்.”

“அப்ப என்ன தொடர்பெண்டு சொல்லப்போறீர்?”

“அவர் அங்கை வரேல்லை எண்டால் என்ன? நான் இங்கை வந்திட்டன்தானே.”

நிர்வாக சபை ஒரு சனிக்கிழமை பின்னேரம் தேவாலய மண்டபத்தில் கூடியது. கோப்பி, கேக், நீண்ட மேசை. சபைத் தலைவர் கழுத்தே இல்லாத பெரிய உருவம். பக்கத்தில் இங்கர். எதிரில் கேர்டா, அவரும் சபை அங்கத்தவர் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தண்டையல் யாரோ தானமாகக் கொடுத்த கோட்டும், கழுத்திலிருந்து முழங்கால்வரை தொங்கும் ரையும் போட்டிருந்தார்.

“முதலில், கல் நீலமாக இருக்கிறது” என்றார் தலைவர்.

“வோஃபோ நை?” என்றார் தண்டையல். ஏன் கூடாது? இரண்டு சொல்லையும் அவர் ஒன்றாக இறக்கியது அன்றுதான்.

தலைவர் இருமினார். “இறந்தவரைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?”

அதை நான் மொழிபெயர்த்திருக்கக் கூடாது. தண்டையல் எழும்பினார். கதிரையைத் தள்ளினார். முதலில் கடற்கழுகில் ஏறினார்: இல்லாத கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பனியில் கை ஒட்டி, உரித்தெடுத்து, மறுபடி ஏறினார். தூளியில் படுத்துப் புரண்டார். புரண்டபோது பக்கத்திலிருந்த தலைவரும் தன்னையறியாமல் கொஞ்சம் சரிந்தார். நீராவி இயந்திரம் வந்தது; புகைக்கு இருமினார். வடக்கொளியில் பீரங்கிக்குக் குண்டு போட்டார், திணித்தார், காதைப் பொத்தினார். கடைசியில் மைனா. மேசையின் மூக்கில் நின்று, “டுமீல்!” என்று சுட்டுவிட்டு, பின்னுக்கு, பின்னுக்கு, பின்னுக்குப் போய்க் கேக் வைத்திருந்த சின்ன மேசையில் மோதி நின்றார்.

ஒரு புளுகும் இல்லை. நான் நூலகத்திலிருந்து கொண்டுவந்ததற்கு மேல் ஒரு பீரங்கிகூட இல்லை. நான் மொழிபெயர்த்தது கால்வாசிதான். மிச்சத்துக்கு அவசியம் வரவில்லை.

 பிறகு தலைவர், அன்பாகத்தான், சொன்னார்: “நல்லது. ஆனால் விதி இதுதான். இந்தக் கல்லறைக்கு ஒருவரும் வருவதில்லை. ஒருவரும் வராத கல்லறையை எடுப்போம்.”

நான் தமிழில் சொன்னேன். தண்டையல் தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் பார்க்காமல், நெஞ்சில் கையை வைத்து, டேனிஷில் சொன்னார்: “யை கொம்மர்.”

நான் வருகிறேன். எங்கே யாரிடம் அதைக் கற்றார் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

தலைவர் கோப்பிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். கேட்க விரும்பாத கேள்வி என்று முகத்திலேயே தெரிந்தது. “ஆனால் இவரே இங்கே இருப்பாரா என்று இன்னும் முடிவாகவில்லையே. இவரை அனுப்பிவிட்டால்?”

அதை நான் மெதுவாகச் சொன்னேன். சொல்லாமல் விடலாமா என்றும் ஒருகணம் யோசித்தேன்.

தண்டையல் அண்ணை சத்தம் போடவில்லை. “என்னை எடுத்தால் எடுக்கட்டும். அது அவையின்ரை விருப்பம். நான் நிக்கிறவரைக்கும் இவரை எடுக்க விடமாட்டன். சொல்லு தம்பி, அப்பிடியே சொல்லு. ஒண்டையும் குறைக்காதை.”

குறைக்காமல் சொன்னேன். என் டேனிஷ் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தடக்காமல் வந்தது.

கேர்டா கையை உயர்த்தினார். இதோ முடிந்தது என்று நினைத்தேன். “என் புருஷனுக்குப் பக்கத்தில் ஒரு வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை” என்றார். “இவர் வரட்டும். ஆனால் அந்த மீன் போகவேண்டும். அது மிகவும் அசிங்கமான மீன்.”

தீர்ப்பு அதுதான். அவர் வந்துகொண்டிருக்கும்வரை கல் நிற்கும். பெயின்ற்றைச் சுரண்டவேண்டும்; நங்கூரம் மட்டும் நீலமாக இருக்கலாம். தண்டையல் அதற்கும் “நை” என்றார், மீனுக்காக. நானும் இங்கரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தோம். வெளியே வந்ததும் அந்த நீண்ட ரையின் நுனியால் கண்ணைத் துடைத்தார். “குளிர்” என்றார். சரி, குளிர்தான்.

அடுத்த வருடம் அவருக்கு விசா கிடைத்தது. கிடைத்த கையோடு, வைலேயிலிருந்து எட்டத்திலுள்ள கிரின்ஸ்டெட்டில் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். கிரின்ஸ்டெட்டைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமையில் அங்கே பஸ்ஸைக் கண்டால் படம்தான் எடுத்து வைக்கவேண்டும். மனுஷன் விடவில்லை. ஒரு ஞாயிறு எதிர்க்காற்றில் சைக்கிளில் வைலேக்கு வந்து இங்கரின் அலுவலக வாசலில் விழுந்தார். இன்னொரு ஞாயிறு பால் லொறியில் வந்தார். வேறொரு ஞாயிறு எப்படி வந்தார் என்று கேட்டதற்கு, “அதை விடு” என்றார்.

நான் இப்போது கோல்டிங்கில் இருக்கிறேன். லைசென்ஸ் எடுத்தேன், கதவு ஒரு நிறமும் உடம்பு ஒரு நிறமுமாக ஒரு கார் எடுத்தேன். ஞாயிறு காலையில் கோல்டிங்கிலிருந்து கிரின்ஸ்டெட், அங்கே அவரை ஏற்றிக்கொண்டு வைலே, திரும்ப கிரின்ஸ்டெட், திரும்ப கோல்டிங். வழி முழுக்க எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்கிறார். ஹீற்றரை நூர்க்கச் சொல்கிறார், போடச் சொல்கிறார். போன வாரம் வட்டச் சந்தியில் எதிர்ப்பக்கமாகச் சுற்றச் சொல்லி, ஏன் கூடாது என்று கேட்டுச் சண்டை பிடித்தார்.

“உனக்கென்ன தலையெழுத்தோ மச்சான்? ஞாயிற்றுக்கிழமையிலை படுத்து நித்திரை கொள்ளாமல்?” என்று அறையில் இருக்கும் பெடியள் கேட்கிறார்கள்.

கார் விருப்பம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். உண்மை என்னவென்றால், அவர் ஏறி அந்த ஒட்டாத கதவை இழுத்து அறைந்து, “ஏன்டா பிந்தினனீ?” என்று கேட்கும்வரை எனக்கு அந்த வாரம் தொடங்குவதில்லை.